விறகு வெட்டும் நேரம்

புளியமரம்தான், சந்தேகமே இல்லை. இலை அதே இலை, பட்டை அதே பட்டை, கிளை தாழ்ந்து தரையைப் பார்க்க வருகிற விதம்கூட அதே. கோவில்பட்டியிலிருந்து ஒரு கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் நடுவில், பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு மாதம் பிடித்த இந்தக் காட்டில் ஒரு புளியமரம் தன்பாட்டுக்கு நிற்கிறது, அதன் நிழலில் ஐந்து பேர் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்க்கிறார்கள். மடியில் துப்பாக்கி. நிழல் அவர்களுக்கு, வெயில் எங்களுக்கு. இருக்கட்டும், நிழலில் உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வரும், வெயிலில் நிற்பவளுக்கு வராது. நடுவில் வறண்ட ஆற்றின் மணல் வெளுத்துக் கிடக்கிறது. எனக்குப் பின்னால் முள்மரங்களுக்கு இடையே முப்பது பெண்கள் விறகு வெட்டுகிறார்கள். கோடாலி விழும் சத்தம், கிளை முறியும் சத்தம், எவளோ ஒருத்தி பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல் எதையோ முனகுகிற சத்தம். அந்தச் சத்தம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி, தலையில் நீல ஹெல்மெட், கையில் ஐ.நா. பட்டை, அமைதி காக்க வந்தவள். என்னோடு ஏழு பேர், எல்லோரும் பெண்கள், மத்திய போலீஸிலிருந்து பொறுக்கி எடுத்து அனுப்பிய மகளிர் அணி. மணிப்பூர், ஹரியானா, ஒடிசா என்று ஆளுக்கொரு திசை, தமிழில் பேச எனக்கு ஒரே ஆள் மார்த்தாண்டத்து ஹெட் கான்ஸ்டபிள் ஜெசிந்தாதான். மார்புக் கவசம் உறுத்துகிறது. இதைச் செய்தவன் எந்தப் பெண்ணையும் நினைத்துச் செய்யவில்லை, தட்டையான ஒரு மார்பை நினைத்துச் செய்திருக்கிறான், தகடு வந்து எலும்பில் அல்ல, சதையில் உட்கார்கிறது. மூச்சை முழுதாக இழுத்தால் வலிக்கும், பாதியாக இழுத்தால் பழகிவிடும். பாதி மூச்சில் நின்றுகொண்டிருக்கிறேன். அதிலும் இன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள், அடிவயிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இழுக்கிறது, ஒன்றுக்குப் போக வேண்டும், போக முடியாது, அந்த ஐந்து ஜோடிக் கண்கள் அங்கேயே இருக்கின்றன.

தண்ணீர் குடித்திருக்கக் கூடாது. காலையில் ஜெசிந்தா பாட்டிலை நீட்டினாள், வெயிலில் சுருண்டு விழக் கூடாதே என்று இரண்டு மடக்கு குடித்தேன், அந்த இரண்டு மடக்கு இப்போது கேள்வி கேட்கிறது. இது பழைய கணக்கு, எந்த ஊர் பந்தோபஸ்திலும் பொம்பளைப் போலீஸ் போடுகிற கணக்கு. தேர்தல் பந்தோபஸ்து, தேர்த் திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகிற சாலை பந்தோபஸ்து, காலையில் நிறுத்தினால் பொழுது சாய்கிறவரை நிற்க வேண்டும், எதிர்ப் பக்கம் நிற்கிற ஆண் போலீஸ் சுவரைத் தேடிப் போய்விட்டு வருவார், நாங்கள் தண்ணீரைத் தேடாமல் இருப்போம். உதடு வெடித்தாலும் குடிப்பதில்லை. அப்படி நின்று நின்று எனக்குக் கால் பழகியது, சிறுநீரகம்தான் பழகவில்லை, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தேன். இங்கே வந்ததும் முகாமுக்குள் நான் முதலில் கேட்டது அதைத்தான். போரில் வீடிழந்து ஓடிவந்தவர்கள் கூடாரம் கூடாரமாக அடைந்து கிடக்கிற முகாம், பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டேன், சுற்றிக்காட்டிய அதிகாரி வரிசையாக நின்ற தகரக் கழிப்பறைகளைக் காட்டினார், நான் கதவைத் திறந்து பார்த்தேன், தாழ்ப்பாள் இல்லை. ஒரு கதவிலும் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு பெண்ணுக்குக் கதவே இல்லையே என்றேன். அவர் நல்ல மனிதர், எந்த நாட்டுக்காரராக இருந்தால் என்ன, முகம் சிவந்துபோய் அன்றைக்கே ஆள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார். அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாததற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? விறகு விஷயமும் அப்படித்தான். விறகுக்குப் போகும் பெண்களைக் காட்டில் ஆயுதக்காரர்கள் மறித்துக் கெடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ரோந்து போட்டார்கள். பெரிய கவச வண்டி, மேலே இயந்திரத் துப்பாக்கி, உள்ளே வாட்டசாட்டமான ஆண்கள். வண்டி சாலையில் போனது, சாலையில் வந்தது. விறகு சாலையில் இல்லை.

அதை எனக்குச் சொன்னது நியாலுவாக். அதோ, என் இடது பக்கம், உயரமாக, முழங்கைவரை சாம்பல் பூத்த கையோடு ஒரு காய்ந்த மரத்தை அடியிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். அதிகம் பேச மாட்டாள். என்ன வயதென்று கேட்டதற்கு மழையைக் கணக்காக வைத்து ஏதோ சொன்னாள், மொழிபெயர்க்கிற ரெபெக்கா அதை ஆங்கிலத்தில் சொல்லத் திணறி, உங்கள் வயதுதான் மேடம் என்று முடித்துக்கொண்டாள். கூட்டம் போட்டு எல்லாப் பெண்களிடமும் நான் கேட்டேன், ரோந்து எப்படி வந்தால் உங்களுக்கு உதவும் என்று. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை போல. கடைசியில் நியாலுவாக் எழுந்து, வண்டி வேண்டாம் என்றாள். வண்டிச் சத்தம் எங்களுக்கு முன்னால் போய் அவர்களிடம் நாங்கள் வருவதைச் சொல்கிறது. நடந்து வாருங்கள், நாங்கள் வெட்டுகிற இடத்தில் நில்லுங்கள், நாங்கள் நிமிர்ந்தால் உங்கள் தலை தெரிய வேண்டும். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அப்போது நான் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன், ஏன் உங்கள் ஆண்கள் விறகுக்குப் போவதில்லை. முழுக் கூட்டமும் என்னைப் பார்த்தது. ஆண் போனால் கொன்றுவிடுவார்கள், நாங்கள் போனால் உயிரோடு திரும்பி வந்துவிடுவோம் என்று நியாலுவாக் உட்கார்ந்தபடியே சொன்னாள், கடைக்கு யார் போவது என்று வீட்டில் பேசி முடிவெடுக்கிற குரலில். ஒவ்வொரு கூடாரத்திலும் அடுப்பு பற்றவைக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். புருஷன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பான், பெண்டாட்டி கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எனக்கு அந்தக் கணக்கு புதிதில்லை. அதனால்தான் கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதில் எனக்கே தெரியுமே, பதின்மூன்று வயதிலிருந்து தெரியுமே.

பட்டப்பகல். பருத்தி வெடித்துக் கிடந்த காலம். எங்கள் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் ஏதோ ஒரு ஊர்வலத்தில் தொடங்கிய சண்டை வெட்டுக்குத்தில் முடிந்து, போலீஸ் வேன்கள் வருகின்றன என்று சைக்கிளில் ஒருத்தன் கத்திக்கொண்டு வந்தான். ஆண்கள் எல்லோரும் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். அப்பாவும் ஓடினார். ஓடும்போது திரும்பி அம்மாவிடம், "பொம்பளைகள என்ன செய்யப் போறான், கதவச் சாத்திக்கிட்டு உள்ள இரி" என்றார். அம்மா கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் உடைப்பான், உடைத்த கதவுக்கு யார் தச்சனைக் கூட்டிவருவது என்று, வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால். அந்த முதுகு இப்போதும் எனக்குத் தெரிகிறது, ரவிக்கையில் வியர்வை வட்டமாக விரிந்துகொண்டே போன அந்த முதுகு. வந்தவன் அவளைத் தள்ளினான், டிவியை லத்தியால் அடித்தான், அரிசிப் பானையைக் கவிழ்த்தான், மண்ணெண்ணெயை எடுத்து அரிசியில் ஊற்றினான். எங்கள் வீட்டில் அவ்வளவுதான். மூன்றாவது வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டு வேலம்மாள் அக்கா மறுநாள் முழுக்கக் குளித்துக்கொண்டே இருந்தாள், தண்ணீர் ஊற்றும் சத்தம் தெருவுக்கே கேட்டது. பிறகு ஆண்கள் திரும்பி வந்தார்கள். பிறகு சமாதானக் கூட்டம் நடந்தது, பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு தெரு ஆண்களும் பெரிய அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். யார் வீட்டு ஓடு உடைந்தது, யார் மாடு செத்தது, யாருக்கு எத்தனை தையல், எல்லாம் பேசினார்கள். மூன்றாவது வீட்டைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. டீ போட்டுக் கொடுத்தது எங்கள் தெருப் பெண்கள். டம்ளரை வைத்துவிட்டு அம்மா அங்கேயே ஒரு நிமிஷம் நின்றாள், ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், யாரோ "கொஞ்சம் சீனி குறைவும்மா" என்றார்கள், அவள் சீனி எடுக்கப் போய்விட்டாள். அதுதான் சமாதானம். இங்கேயும் போன மாதம் ஒரு கூடாரத்துக்குள் சமாதானம் பேசினார்கள், இரண்டு தரப்புப் பெரியவர்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், நான் வாசலில் பாதுகாப்புக்கு நின்றேன், டீத் தட்டோடு உள்ளே போன பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது எனக்கு ஒரு கணம் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே புரியவில்லை. போலீஸ் வேலைக்குத் தேர்வாகிவிட்டேன் என்று சொன்ன அன்று அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "அந்த உடுப்பையா போடப் போற" என்று மட்டும் கேட்டாள். ஆமாம்மா, அந்த உடுப்புக்குள்ள யார் இருக்கான்னு இருக்குல்லா என்றேன். அம்மா உலையை மூடினாள். முதல் முறை உடுப்போடு வீட்டுக்குப் போனபோது பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு வாசல் நிலையிலிருந்து கையை எடுத்து எனக்கு வழிவிட்டாள்.

"மேடம்." ஜெசிந்தாவின் குரல். தலையைத் திருப்பாமல் பேசுகிறாள், என்னிடம் கற்றுக்கொண்டது. "ஒருத்தன் எந்திக்கான்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"பின்ன ஒண்ணுமில்ல, பீடி பத்தவைக்கான். இருந்துட்டான்."

ஒண்ணுமில்ல. ஜெசிந்தாவுக்கு நிறைய விஷயங்கள் ஒண்ணுமில்ல. அவள் புருஷன் கடலில் போனதையே அப்படித்தான் சொன்னாள், ஒண்ணுமில்ல மேடம், போட்டு திரும்பி வரல்ல. ஆனால் அவள் விரல் இப்போது எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே தெரிகிறது, அதுவும் ஒண்ணுமில்லாத இடத்தில் இல்லை. பயமாக இருக்கிறதா செண்பகம்? இருக்கிறது. கவசத்துக்கு உள்ளே, தகடு தொடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னத் துடிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், தெருவில் போகிற நாயைப் பார்ப்பது போல, முறைக்காமலும் ஓடாமலும். காலையில் முகாம் வாசலில் நியாலுவாக் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தத் துடிப்பு. கிளம்பும்போது கேட்டாள். அவர்கள் வந்தால் இவள் சுடுவாளா என்று கேள். ரெபெக்கா மொழிபெயர்க்கத் தயங்கினாள், மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று. நல்ல கேள்வி, சொல்லு என்றேன். சட்டம் எனக்கு மனப்பாடம், சாதாரண மக்கள் உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து வந்து வேறு வழியில்லை என்றால் சுடலாம். ஆனால் அவள் சட்டத்தைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நான் இதுவரை மனிதரைச் சுட்டதில்லை. அட்டை மனிதனைச் சுட்டிருக்கிறேன், நெஞ்சில் வட்டம் போட்ட அட்டை மனிதன், அணியிலேயே என் குறிதான் முதல். சுடுவேன் என்று சொன்னேன். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இந்த வறண்ட ஆறு மாதிரி ஒரு மணல்வெளி கிடக்கிறது, அதில் இறங்கி நடந்து பார்த்தால்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் இசக்கியம்மாள், வீட்டில் இசை என்று கூப்பிடுவோம், மூன்றாம் வகுப்பு, போனில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, "அம்மா, அங்க சண்ட நடந்தா நீ யார் கட்சி" என்று கேட்டாள். நான் ஒரு கட்சியும் இல்லை, நடுவில் நிற்பேன் என்றேன். "அப்பம் ஒனக்கு எதுக்குத் துப்பாக்கி?" பின்னால் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அவள் அப்பா தளவாய் சிரித்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற மனிதர், ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்கிறவர், இதற்கு அவரும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு என் பதிலுக்காக நின்றார். யாராவது விறகு வெட்டுறவங்கள வெட்ட விடலன்னா அதுக்கு என்றேன். அவளுக்குப் போதவில்லை, உதட்டைப் பிதுக்கினாள். எனக்கும் அது போதாது. நடுவில் நிற்பது என்று ஒன்று உண்டா? சோளக்காட்டுக்கும் போலீஸ் வேனுக்கும் நடுவில் அம்மா நின்றாள், அவள் நின்றதும் நடுவில்தான், ஆனால் அவள் யார் கட்சி என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவள் தன் வாசல் கட்சி. அப்படியென்றால் நான் இந்த முப்பது பேர் கட்சி. வேறு எந்தச் சண்டையிலும் எனக்குப் பங்கில்லை, இதில் உண்டு. இசையிடம் அதைச் சொல்ல வேண்டும், அடுத்த முறை, தெளிவாக.

"மேடம், இப்பம் எல்லாவனும் எந்திக்கானுவ."

எழுந்துவிட்டார்கள். பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், மணலில் இறங்கி வருகிறார்கள். நடுவில் வருகிறவன் பட்டாளத்துச் சட்டையைப் பொத்தான் போடாமல் கால்பந்துப் பனியனுக்கு மேல் மாட்டியிருக்கிறான். முப்பது வயதுகூட இருக்காது. வயர்லெஸில் பேசுகிறேன், சாலையில் நிற்கிற எங்கள் வண்டிக்கு இடத்தைச் சொல்லி, தயாராக இருங்கள், நான் சொல்லும்வரை வர வேண்டாம் என்கிறேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்கிறது, சீரான குரல். அந்தத் துடிப்பு எங்கே போனது? தேட நேரமில்லை. ரெபெக்கா என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். என் பின்னால் நில் என்கிறேன், பின்னால் நின்றால் நான் பேசுவது அவனுக்குக் கேட்காது என்று அங்கேயே நிற்கிறாள். இருபத்திரண்டு வயது. எங்கள் வரிசைக்குப் பத்தடி முன்னால் அவன் நின்றான். அவன் பேசப் பேச, அவனுக்கும் எனக்கும் பொதுவாகக் காற்றில் எங்கேயோ பார்த்துக்கொண்டு ரெபெக்கா சொன்னாள்.

"இது எங்கள் காடு என்கிறான்."

"சரி என்று சொல்."

"எங்கள் காட்டில் விறகு எடுத்தால் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறான்."

"வேண்டியதை அவனும் வெட்டிக்கொள்ளட்டும். கோடாலி இரவல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன்."

ரெபெக்கா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் ஒருத்தன் சிரித்துவிட்டான். இவன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது தப்பு, செண்பகம். ஆளை அவன் ஆட்களுக்கு முன்னால் சிறுமைப்படுத்தாதே, அதற்கு அவன் உன்னிடம் விலை கேட்க மாட்டான், வேறு எவளிடமாவது கேட்பான்.

"உங்கள் தலைவனைக் கூப்பிடச் சொல்கிறான். ஆணோடுதான் பேசுவானாம்."

"நான்தான் தலைவர்."

"உங்கள் நாட்டில் ஆண்களே இல்லையா என்று கேட்கிறான்."

தளவாய் இந்நேரம் வகுப்பு முடிந்து, காலையில் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்ததில் மிஞ்சிய எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்."

அவன் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் கண்ணை ஓட்டினான், ஒவ்வொருத்தியாக. சந்தையில் ஆடு பார்க்கிறவன் பார்வை. ஓர் இடத்தில் நின்றது. ரெபெக்காவின் குரல் இப்போதுதான் முதல்முறையாக இறங்கியது. "அந்தச் சிவப்புத் துணி கட்டினவளைத் தெரியும் என்கிறான். அவள் அண்ணன் எதிர்த்தரப்பில் சண்டை போடுகிறானாம். அவளிடம் கொஞ்சம் பேச வேண்டும், அந்த மரத்தடிக்கு அனுப்பு, பேசிவிட்டு அனுப்பிவிடுகிறேன் என்கிறான்."

கோடாலிச் சத்தம் நின்றுவிட்டது. முழுக் காட்டிலும் ஒரு கிளை முறியவில்லை. அந்தச் சத்தம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நினைத்தேனே, அது நின்றதும் என் உடம்பில் ஏதோ நின்றது. சிவப்புத் துணிக்காரி யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் அவனைவிட்டு விலகும். அண்ணன் சண்டை போடுகிறானாம், தங்கையிடம் பேச வேண்டுமாம். அண்ணன்மார் ஓடி ஒளிகிற சோளக்காடு எல்லா நாட்டிலும் விளைகிறது, தங்கைமார் வீடும் எல்லா நாட்டிலும் திறந்தே கிடக்கிறது. "அவளிடம் பேச வேண்டியதை இங்கிருந்தே பேசச் சொல். நானும் கேட்கிறேன்." ரெபெக்கா சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவன் காலெடுத்து வைத்தான், என்னை மரமாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போகிறவன் போல. துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது. நான் சேஃப்டியைத் தள்ளினேன். சின்னச் சத்தம்தான், பேனா மூடியைக் கழற்றுகிற அளவுக்கு. ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் அதே சத்தம், ஜெசிந்தா, மணிப்பூர்க்காரிகள், எல்லோரும், ஒன்றன்பின் ஒன்றாக. நில் என்று தமிழில் சொன்னேன். ரெபெக்கா மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை. என் துப்பாக்கிக் குறியில் அவன் பனியனின் எண் தெரிந்தது, அதற்கு மேல் தொண்டைக்குழி, அதில் ஒரு மணி கோத்த கயிறு, யாரோ கட்டிவிட்ட கயிறு, அவன் அம்மாவாக இருக்கும். அதைப் பார்த்தும் என் விரல் இளகவில்லை. மணல்வெளியில் இறங்கிவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. இன்னும் ஓரடி வைத்தால் சுடுவேன், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கயிறு என் கண்ணில் நிற்கும், நிற்கட்டும், சுடுவேன். அது கோபமே இல்லை. இட்லிக்கு மாவு புளித்துவிட்டதா என்று கைக்குத் தெரிகிற மாதிரி என் கைக்குத் தெரிந்திருந்தது. அது அவனுக்கும் தெரிந்தது. என் கண்ணில் பார்த்தானா, கையில் பார்த்தானா, தெரியாது. தூக்கிய கால் அதே இடத்தில் இறங்கியது.

அப்போதுதான் என் இடது பக்கத்திலிருந்து ஒரு கோடாலி விழுந்தது. காய்ந்த மரத்தில் விழுகிற கனத்த சத்தம். ஒரு முறை. மறுபடி. நியாலுவாக் வெட்டத் தொடங்கியிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. துப்பாக்கிகள் நீட்டிக்கொண்டு நிற்க, அவள் தன் மரத்தை வெட்டினாள். பிறகு இன்னொரு கோடாலி. பிறகு கிளை முறிந்தது. பிறகு எல்லாமும். சத்தம் என் முதுகில் வந்து மோதியது, கூட்டத்தில் யாரோ முதுகில் கைவைத்துத் தாங்குகிற மாதிரி. அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு அது புதிது என்று நினைக்கிறேன். இதுவரை அவன் வந்தால் அந்தச் சத்தம் ஓடியிருக்கும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டான்.

"நீ எத்தனை நாளைக்கு இங்கே இருப்பாய் என்று கேட்கிறான்."

"வெள்ளிக்கிழமை வருவேன், அடுத்த செவ்வாய்க்கிழமையும் வருவேன் என்று சொல்."

போனான். மெதுவாகப் போனான், தன் நடையை விட்டுக்கொடுக்காமல். நான் சிரிக்கவில்லை, என் ஆட்களையும் சிரிக்க விடவில்லை. திரும்பிப் போகிறவனுக்கு அந்த நடையையாவது விட்டுவிட வேண்டும். புளியமரத்தைத் தாண்டி, புதருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் உதைபட்டு, சத்தம் வடக்கே தேய்ந்து மறைந்தது. கேள்வி மட்டும் போகவில்லை. எத்தனை நாளைக்கு. கெட்டவன் கேட்டாலும் சரியான கேள்வி சரியான கேள்விதான். மழை தொடங்கும்போது எங்கள் தவணை முடியும், விமானம் ஏறிவிடுவோம், அடுத்து வருகிற அணி எந்த நாட்டதோ, அவர்கள் வண்டியைவிட்டு இறங்குவார்களோ மாட்டார்களோ. அப்போது இந்த முப்பது பேருக்கும் அவனுக்கும் நடுவில் யார் நிற்பது? அந்த நினைப்பு முள் மாதிரி ஏறி நின்றது. நின்று, மெல்ல வேறொரு பக்கமாகத் திரும்பியது. வண்டி வேண்டாம், நடந்து வா என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் இங்கேயே இருக்கிறாள். வண்டியில் எவர் வந்தாலும் இறங்கு என்பாள். முதல் நாள் இறங்காவிட்டால் மறுநாளும் போய் நிற்பாள். அவள் கூட்டத்தில் எழுந்து பேசியதைப் பார்த்தவள் நான், சீனி எடுக்கப் போகிற ஆள் இல்லை அவள். முள் வெளியே வரவில்லை, ஆனால் நடக்க முடிகிற மாதிரி ஆகிவிட்டது.

"ஜெசிந்தா, எனக்கு இப்ப தாங்க முடியாது."

"எனக்கு அப்பமே தாங்கல்ல மேடம். சொன்னா நீங்க சிரிப்பியன்னு இருந்தேன்."

எங்கள் முகத்தைப் பார்த்தே அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. இதற்கு மொழிபெயர்ப்பு எந்த நாட்டிலும் வேண்டாம். சிவப்புத் துணிக்காரிதான் முதலில் தன் மேல்துணியை அவிழ்த்து விரித்துப் பிடித்தாள், இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன், நெற்றியில் சின்னத் தழும்பு, கன்னத்தில் குழி. இன்னும் நாலைந்து பேர் துணியைப் பிடிக்க, காட்டின் நடுவில் எங்களுக்கு ஒரு அறை வந்தது. கவசத்தைக் கழற்றினேன். முழு மூச்சு. மத்திய போலீஸின் எட்டுத் துப்பாக்கிகளில் நான்கு காவல் நிற்க, நான்கு பேர் உட்கார்ந்தோம், பிறகு மாற்றிக்கொண்டோம். வெளியே அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், என்னைப் பற்றித்தான், கவலையில்லை.

கட்டுகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், பக்கவாட்டில் மற்றவர்கள், நான் நடுவில். நியாலுவாக் தன் விறகுக் கட்டோடு வரிசையிலிருந்து விலகி என் பக்கத்துக்கு வந்தாள். சும்மாடு மேல் அத்தனை கனம், கழுத்து அசையவில்லை. நேரே பார்த்தபடி ஏதோ சொன்னாள். பாதையைப் பற்றி என்று நினைத்தேன். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ரெபெக்கா ஓரெட்டு முன்னால் வந்து வாயைத் திறந்தாள், நியாலுவாக் ஒரு சொல் சொன்னதும் மூடிக்கொண்டாள். "மொழிபெயர்க்க வேண்டாம் என்கிறாள் மேடம்," என்றாள் மெதுவாக. "அவளுக்கு நடந்ததைச் சொல்கிறாள். நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தால் போதுமாம்." சரி என்றேன். ரெபெக்கா பின்தங்கி, எங்களைவிட்டு விலகி நடந்தாள். கேட்டேன். ஒரு சொல்லும் தெரியாத மொழி. ஆனால் ஓர் ஆளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது, அது பெயர் என்பது தெரிந்தது. ஓர் இடத்தில் அவள் குரல் வேகமானது, ஓர் இடத்தில் சட்டென்று நின்று, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, மறுபடி தொடங்கியது. ஒருமுறை சின்னதாகச் சிரிக்கக்கூடச் செய்தாள், அந்தக் கதையில் சிரிக்கவும் ஏதோ இருந்திருக்கிறது. நான் ம் கொட்டினேன். எங்கள் ஊரில் கதை கேட்பவர்கள் கொட்டுகிற அதே ம். அவள் அதை ஏற்றுக்கொண்டாள், ம் வரும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். கண் காட்டின் மேல் இருந்தது, கை துப்பாக்கியில் இருந்தது, காது அவளிடம் இருந்தது. தூரத்தில் முகாமின் வேலி தெரிந்தது, வாசலில் காத்திருக்கிற குழந்தைகள் தெரிந்தார்கள், எங்களைக் கண்டு கையாட்டினார்கள். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நான் நடையை மெதுவாக்கினேன். முன்னால் போன ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி அடக்கினாள், வரிசை முழுவதும், தலையில் அத்தனை கனத்தோடு, மெதுவாக நடந்தது.